கூத்துக் களரியில் சல்லரிக்கும் ஒரு மைக் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வாரமலரில் அண்மையில் ஒரு வாசகர் எழுதிய கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டியிருக்கிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை, போன் அவர்களுடைய கவனத்தைத் தின்றுவிட்டது, அதனால்தான் கூத்தாடும் இடமான களரியில் நடுச்சாமம் ஆகுமுன்னே கதிரைகள் காலியாகின்றன என்று அவர் வருந்தியிருந்தார். கூத்தை ஒரு மணித்தியாலமாகச் சுருக்கி, றிதம் பாட் என்ற மின் தாளப்பெட்டியும் ஓகனும் சேர்த்தால் இளைஞர்கள் இருந்து பார்ப்பார்கள் என்று வழியும் சொல்லியிருந்தார். கவலை நியாயமானது. வழிதான் பிழை.

நான் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரை, படுவான்கரை இரண்டிலும் கோயில் திருவிழா, கலியாண வீடு, சாமத்திய வீடு, செத்த வீடு, தேர்தல் கூட்டம் என்று எங்கள் சாமான் போகாத இடமில்லை. கூத்து நடக்கும் இரவில் சனம் களரியைப் பார்க்கும். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சருக்குப் பின்னால் இருக்கிறவனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நான் பார்ப்பது சனத்தை. யார் எந்த இடத்தில் கதிரையை விட்டு எழும்புகிறார்கள் என்பது எனக்கு மனப்பாடம்.

கதை இழுபடும் இடத்தில் எழும்புவார்கள் என்றுதான் எவரும் நினைப்பார். அப்படி இல்லை. ஆட்டம் சூடுபிடித்து, மத்தளம் ஓட்டமெடுக்கும் இடத்தில்தான் பின்வரிசை கலைகிறது. கூத்தின் உச்சமே அதுதான், அங்கேதான் சனம் வீட்டுக்குப் போகிறது! முன்னால் பாய் போட்டு இருக்கும் கிழவிகளோ அசையமாட்டார்கள். இதற்கு வயதைக் காரணம் சொல்வது லேசு. என்னோடு வயர் இழுக்க வரும் பொடியன் சாப்பிடும்போதும் போனைக் கையை விட்டு வைக்காதவன். அவனை மைக் பார்க்கச் சொல்லிக் களரி ஓரத்தில் இருத்தினால் விடியும்வரை இருக்கிறான். போன் சட்டைப் பைக்குள் கிடக்கிறது, முழங்கால் ஆடுகிறது. பாயில் இருக்கும் கிழவிக்கும் இந்தப் பொடியனுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றுதான். சல்லரி, அதாவது தாளம் போடும் கைத்தாளத் தட்டுகளின் ஓசை, அவர்களுடைய காதில் நேரே விழுகிறது. பின்வரிசைக்கு என் ஒலிபெருக்கிப் பொக்ஸ் எதைக் கொடுக்கிறதோ அதுதான் கேட்கும்.

கூத்துக் கேட்பது லேசான வேலை இல்லை, ஐயா. ஒரே நேரத்தில் காதுக்குள் என்னென்ன வந்து விழுகிறது என்று பாருங்கள். கூத்தை நடத்தும் ஆசானான அண்ணாவியாரின் மத்தளத்தில் வலந்தலை ஒன்று பேசும், இடந்தலை வேறொன்று பேசும். ஆடுகிறவரின் காலில் சதங்கை. அவர் படிக்கும் பாட்டு, அதை வாங்கிப் படிக்கும் பிற்பாட்டுக்காரரின் இழுவை. எல்லாவற்றுக்கும் அடியில் சல்லரி. வேகக்காலத்தில் மத்தளம் செக்கனுக்கு ஏழெட்டுத் தட்டுப் போகும். அதே செக்கனில் சல்லரி ஒரு தரமோ இரண்டு தரமோதான் விழும். பாட்டு இன்னும் ஆறுதலாக நாலு அடி, எட்டு அடி என்று நீண்டு வளையும். இவ்வளவையும் ஒரே அளவாகக் கேட்க எந்தக் காதாலும் முடியாது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை அதோடு சேர்த்துக் கேட்கிறோம். பிடித்துக்கொள்ளும் அந்த ஒன்று சல்லரி. சல்லரிக்காரரை யாரும் பார்ப்பதில்லை. பொன்னாடை போர்த்தும்போதும் அவர்தான் கடைசி, சில இடங்களில் அவர் முறை வருமுன் பொன்னாடை முடிந்துவிடும்.

கூத்துப் பரிச்சயம் இல்லாத வாசகருக்குக் கோயில் தவிலை வைத்து இதைச் சொல்லலாம். தவில்காரர் முடிப்புக்கு 'ததிங்கிணதோம்' என்று மூன்று தரம் வாசிப்பதை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அது ஐந்து தட்டு. மூன்று தரம் என்றால் 15. தாளத்தில் ஓர் அடிக்கு 4 தட்டு என்று வைத்தால் நாலு அடிக்கு 16. அந்த 16இல் 15ஐப் பொருத்த அவர் முதல் அடி விழுந்து ஒரு தட்டுத் தள்ளித் தொடங்குவார். முதலாவது ததிங்கிணதோம் அடிக்கு ஒரு தட்டுப் பிந்தித் தொடங்கும். இரண்டாவது இரண்டு தட்டுப் பிந்தும். மூன்றாவது மூன்று தட்டு. அதற்கடுத்த 'தா' நேரே அடியின் தலையில் வந்து இறங்கும். கையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்கிறவருக்கு அந்தக் கொஞ்ச நேரமும் நெஞ்சு இழுபடும், இறங்கும்போது தலை தானாக ஆடும். தாளத்தைத் தவறவிட்டவருக்கு அது வெறும் தடதடப்பு. வாசித்தவர் ஒருவர், வாசித்த கணக்கும் ஒன்று. கேட்டவர் எதைப் பிடித்துக்கொண்டு கேட்டார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

என் தங்கையின் மகள் கம்பஸில் உளவியல் படிக்கிறாள். நான் இப்படிப் புலம்புவதைக் கேட்டுவிட்டு, "மாமா, நீங்க சொல்றத வெளிநாட்டில ஆய்வு செஞ்சே வச்சிருக்காங்க" என்று சிலதை வாசித்துச் சொன்னாள். மாரி ரீஸ் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1976இலேயே எழுதியிருக்கிறாராம், கவனம் என்பது எந்நேரமும் ஒரே அளவில் எரியும் வெளிச்சம் இல்லை என்று. ஓசை ஓர் ஒழுங்கில் வந்தால் கவனமும் அந்த ஒழுங்கில் ஏறி இறங்கும். அடுத்த அடி விழப்போகும் நேரத்தில் அது போய்க் காத்துக்கொண்டு நிற்கும். 2002இல் அவரும் கூட இருந்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். ஒழுங்கான இடைவெளியில் சுரங்களை ஒலிக்கவிட்டு, கடைசிச் சுரம் முதலில் கேட்டதைவிட மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா, அதேதானா என்று கேட்டார்கள். கடைசிச் சுரம் எதிர்பார்த்த நேரத்தில் வந்தபோது ஆட்கள் சரியாகச் சொன்னார்கள். முந்தியோ பிந்தியோ வந்தபோது சுருதியிலேயே தடுமாறினார்கள். நேரம் பிசகினால் நேரம் மட்டும் கெடுவதில்லை, கேட்டது இன்னதென்று அறிவதும் கெடுகிறது. களரியில் பின்வரிசைக்காரர், "பாட்டு ஒண்டும் விளங்கல்லயே" என்று என்னிடம் வந்து முறையிடுவார். அவருக்கு நான் இனி இதைத்தான் சொல்லப் போகிறேன்.

பீற்றர் கெல்லர் என்ற இன்னோர் ஆய்வாளர், கூட்டாக வாசிப்பவர்கள் கவனத்தை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்று பார்த்தவர். தன் பங்குக்கு முதலிடம், அதே நேரம் மொத்தத்துக்கும் ஒரு காது. அந்த இரண்டையும் சேர்த்துப் பிடிக்க உதவும் சட்டம் தாளம் என்பது அவர் கருத்து. நம் அண்ணாவியார்மார் இதைப் படிக்காமலே செய்கிறார்கள். கேட்கிறவர் செய்வதும் ஏறக்குறைய இதுதான், அவர் கையில் மத்தளம் இல்லை என்பதைத் தவிர.

உடம்பின் பங்கையும் விடக்கூடாது. ஜெசிக்கா பிலிப்ஸ்-சில்வரும் லோரல் ட்ரெயினரும் 2005இல் ஏழு மாதக் குழந்தைகளுக்கு அழுத்தம் எதுவும் இல்லாத ஒரு தாளத்தை இரண்டு நிமிடம் கேட்கவைத்தார்கள். சில பிள்ளைகளை இரண்டு அடிக்கு ஒரு தரம் தூக்கிக் குலுக்கினார்கள், சில பிள்ளைகளை மூன்று அடிக்கு ஒரு தரம். பிறகு அழுத்தம் போட்ட தாளங்களைக் கேட்கவிட்டால், இரண்டில் குலுங்கிய பிள்ளை இரண்டில் அழுத்தியதைக் கூட நேரம் கேட்டது, மூன்றில் குலுங்கியது மூன்றை. ஆள் குலுங்குவதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்த பிள்ளைகளுக்கு அது வாய்க்கவில்லை. மட்டக்களப்புப் பறங்கியரின் கலியாண வீட்டில் கஃப்ரிஞ்ஞா ஆட்டம் தொடங்கினால் நானும் இதைத்தான் பார்க்கிறேன். ஆறு எண்ணிக்கையை மூன்று மூன்றாகவும் பிடிக்கலாம், இரண்டு இரண்டு இரண்டாகவும் பிடிக்கலாம். அந்தக் குடும்பத்துப் பெரியவர்களின் கால் ஒரு பக்கம் போகும், விருந்துக்கு வந்த நம்மாட்களின் கைதட்டு இன்னொரு பக்கம் போகும். ஒரு பாட்டுப் போனதும் கைகள் கால்களைப் பார்த்துத் திருந்திவிடும். அக்கரைப்பற்றுப் பக்கம் கோலாட்டம் மாதிரியான பொல்லடிக்கு நான் கவலைப்படுவதே இல்லை. அங்கே தாளம் ஆடுகிறவர்களின் பொல்லிலேயே இருக்கிறது. பொல்லோடு பொல்லு மோதும் சத்தம் சத்தத்தைக் கூட்டும் எந்த அம்ப்பையும் வென்றுவிடும்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். கூத்துக் கேட்பவரின் பிடியை நாங்கள் எப்படியெல்லாம் பறிக்கிறோம் என்பதை மிக்சருக்குப் பின்னால் இருக்கிற ஆள்தான் சொல்ல முடியும்.

முதலாவது, தூரம். நம்மூர் வெக்கையில் ஒலி செக்கனுக்கு 350 மீற்றர் அளவில் போகும். 35 மீற்றருக்கு 0.1 செக்கன். வட்டக்களரியைச் சுற்றிப் பத்துப் பதினைந்து மீற்றருக்குள் சனம் இருந்த காலத்தில், நடுவில் நிற்கும் அண்ணாவியாரின் தட்டு எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போனது. இப்போது கோயில் வாசலிலிருந்து சந்திவரை ஹோன் ஸ்பீக்கர் கட்டச் சொல்கிறார்கள். வயரில் போகும் மின்சாரத்துக்குத் தாமதம் இல்லை. எல்லா ஹோனும் ஒரே நேரத்தில் கத்தும். ஆனால் நடுவில் இருக்கிற மனிதருக்குக் கிட்ட இருக்கும் ஹோன் உடனே கேட்கும், 45 மீற்றர் தள்ளி இருக்கும் ஹோன் 0.13 செக்கன் பிந்திக் கேட்கும். வேகக்காலத்தில் மத்தளத்தின் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையில் இருப்பதும் அவ்வளவுதான். அதாவது ஒரு முழுத் தட்டுப் பிந்தி இரண்டாவது மத்தளம் ஒன்று வாசிக்கிறது! பேச்சு என்றால் 0.05 செக்கன் வரையான பிந்தலைக் காது சேர்த்துக்கொள்ளும். சல்லரியும் மத்தளமும் கூர்மையான ஓசைகள், அவற்றுக்குக் காது அந்தளவு இடம் கொடுக்காது, இரண்டாகவே பிரித்துக் கேட்கும். அறிவித்தலுக்கு ஹோன் நல்லது. கூத்துக்கு அது விஷம். புதுப் பழக்கம் ஒன்றும் வந்திருக்கிறது. சாப்பாட்டுப் பந்தலுக்கு யாரோ ஒரு புளூடூத் பொக்ஸைக் கொண்டுவந்து இணைத்துவிடுவார்கள். அது வாங்கி விழுங்கிச் சத்தம் போடவே 0.1, 0.2 செக்கன் எடுக்கும். பந்தலுக்கும் களரிக்கும் நடுவில் இருக்கிறவர் பாடு திண்டாட்டம்.

இரண்டாவது, எக்கோ. "சாமி வந்த மாதிரி இரிக்கணும் தம்பி, கொஞ்சம் எக்கோவ ஏத்துங்க" என்று கேட்காத நிர்வாகசபை இல்லை. மந்திரத்துக்கு ஏற்றுங்கள், உடுக்குச் சிந்துக்குக்கூட ஒரு மட்டுக்கு ஏற்றலாம். மத்தள மைக்கில் எக்கோ போட்டால் அண்ணாவியார் ஒரு தட்டுத் தட்ட, பெட்டி மூன்று தட்டுத் தட்டும். அந்த மூன்றும் அவருடைய காலத்தோடு சேராது. மிக்சரில் இருக்கிற குமிழுக்குத் தாளம் தெரியாது.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் கேடு கெட்டது. இதைச் சனம் கேட்டாலும் இன்னதென்று சொல்லத் தெரியாமல் "காது வலிக்கிது" என்று மட்டும் சொல்லும். அம்ப்பைத் தாங்கும் அளவுக்கு மேலே ஏற்றினால் பெரிய ஓசையின் தலை வெட்டுப்படும். அண்ணாவியார் உரத்துப் போட்ட தட்டும் மெல்லத் தொட்ட தட்டும் பெட்டியால் வரும்போது ஒரே உயரமாக வரும். மத்தளக்காரரின் கையில் இருக்கிற வித்தையே எந்தத் தட்டை அழுத்துவது, எதை விடுவது என்பதுதானே. அந்த ஏற்றத்தாழ்வை வைத்துத்தான் காது 'இங்கே தொடங்குகிறது, இங்கே முடிகிறது' என்று பிரித்துக்கொள்கிறது. அது போனால் காது சும்மா இராது, தானே ஒரு பிரிவைக் கற்பித்துக்கொள்ளும். தடியஸ் போல்ற்றன் என்பவர் 1894இலேயே இதைச் சோதித்துப் பார்த்தார் என்றாள் மருமகள். ஒரே மாதிரியான தட்டொலிகளை ஒரே இடைவெளியில் விட்டாலும், கேட்கிறவர்கள் அவற்றை இரண்டாக, மூன்றாக, நாலாகக் கட்டிக் கேட்டார்களாம். கூத்தில் இப்படி நடந்தால் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருப்பவர்களே வேறு வேறு தாளம் கேட்டுக்கொண்டு இருப்பார்கள். ஆட்டத்தை முடிக்கும் தட்டுக்கோவையான தீர்மானம் வந்து இறங்கும்போது ஒருவருக்கும் சரியாக இறங்காது. கைதட்டு சிதறும். சிதறிய கைதட்டைக் கேட்டால் அடுத்த நிமிடம் கதிரை இழுபடும் சத்தம் வரும் என்பது எனக்குத் தெரியும்.

பேஸ் என்கிற அடிச்சத்தப் பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதிரணும், நெஞ்சில அடிக்கணும் என்று கேட்கிறார்கள். இடந்தலையின் அதிர்வு அந்தப் பெட்டிக்குள் போனால் ஒரு தட்டு ஓயுமுன் அடுத்தது வந்துவிடும், கடைசியில் ஒரே இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் முதலில் அமுங்கிப்போவது சல்லரி.

படுவான்கரைக் கிராமம் ஒன்றில் அடுக்குப் பார்த்த, அதாவது ஒத்திகை பார்த்த, இரவு நடந்ததை எழுதுகிறேன். மத்தளத்துக்கு ஒன்று, பாட்டுக்கு இரண்டு, பிற்பாட்டுக்கு ஒன்று என்று மைக் வைத்துவிட்டு நான் வெற்றிலை போட்டுக்கொண்டு இருந்தேன். சல்லரிக்காரர் எழும்பி வந்தார். வயது எழுபதுக்கு மேல், கண்ணும் மங்கல்.

"மனே, எனக்கு மைக் இல்லயா?"

"ஒங்கட சல்லரி மத்தள மைக்கிலயே விழும் பெரியப்பா."

"அது கிட்ட இரிக்கிறவனுக்கு விழும். மத்தளத்த நீ எவ்வளவும் கூட்டு, குறை, எனக்கென்ன. என்ட சல்லரி கடசி ஆளுக்குக் கேக்கணும். இல்லாட்டி அவன் எதப் புடிச்சிக்கிட்டு இரிக்கிற?"

சொல்லிவிட்டு, நான் எழும்புவதற்காகக் காத்துக்கொண்டு நின்றார். ஒரு மைக்கை எடுத்து அவருடைய இடுப்பு உயரத்தில், ஒரு முழம் தள்ளி, சல்லரியின் விளிம்புக்குச் சரிவாக வைத்தேன். நேரே எதிரில் வைத்தால் சல்லரியின் இரண்டு தட்டுகளும் சேரும்போது வரும் காற்று 'புஸ்' என்று இடிக்கும். அடிச்சத்தத்தை முழுதாக வெட்டினேன். சத்தம் கூட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. கொஞ்சம் திறந்ததும் பின்னால் போய் நின்று கேட்டேன். மத்தளம் வேறு மத்தளமாக இருந்தது. நான் அதைத் தொடவே இல்லை, அதன் குமிழ் இருந்த இடத்தில்தான் இருந்தது. முன்பு தடதடவென்று ஓடியது இப்போது இங்கே ஏறி, அங்கே நின்று, குறுக்கே வெட்டி, திரும்பி வந்து சேர்ந்தது. வயர்ப் பொடியன் என்னைப் பார்த்து, "மத்தளத்துக்கு என்ன செஞ்சீங்க?" என்று கேட்டான்.

அரங்கேற்ற இரவில் பின்வரிசை எல்லாம் விடியும்வரை இருந்தது என்று பொய் சொல்லமாட்டேன். வயலுக்கும் வேலைக்கும் போகிறவர்கள் போனார்கள். குழந்தைகள் நித்திரை. ஆனால் போனவர்கள் பாட்டு முடிந்த இடத்தில் போனார்கள், ஆட்டத்தின் நடுவில் போகவில்லை. தீர்மானத்துக்குக் கைதட்டு பின்னாலிருந்தும் சேர்ந்து விழுந்தது. எனக்கு அது போதும்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்' கூத்தைப் பேராதனையில் மேடையேற்றி, விடிய விடிய ஆடியதைச் சுருக்கி, நாலு பக்கமும் சனம் இருந்த களரியை ஒரு பக்கம் பார்க்கும் மேடையாக்கினார். அதற்குப் பிறகு பேராசிரியர் சி. மௌனகுருவும் மற்றவர்களும் அந்த வழியில் எவ்வளவோ செய்திருக்கிறார்கள். சுருக்கியதைக் குறை சொல்ல நான் ஆளில்லை. அந்த வாசகர் கேட்கிற சுருக்கிய கூத்து அறுபது வருடத்துக்கு முந்தியே வந்துவிட்டது. அதிலும் மத்தளமும் சல்லரியும் விடுபடவில்லை என்பதை மட்டும் அவருக்கு ஞாபகப்படுத்துகிறேன். ஆள் கூடுவதற்கும் குறைவதற்கும் நேரம் மட்டுமே காரணம் என்றால் ஒரு மணித்தியால நிகழ்ச்சியில் யாரும் போனைப் பார்க்கக் கூடாதே. பார்க்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன்.

றிதம் பாட் விஷயம் வேறு. அது கலியாண வீட்டுக்கு வேண்டிய சாமான், என்னிடமும் ஒன்று இருக்கிறது. ஆனால் அதில் பதிந்து வைத்த தாளம் தன்பாட்டுக்கு ஓடும். அண்ணாவியார் ஆட்டக்காரரின் காலைப் பார்த்துக் காலத்தை ஏற்றுவார், ஒருவருக்கு மூச்சு வாங்கினால் கண் இமைக்கிற நேரம் பிடித்து வைப்பார். றிதம் பாட்டுக்கு, அந்தப் பெட்டிக்கு, அது தெரியாது. அது ஓடும், அண்ணாவியார் அதற்குப் பின்னால் ஓட வேண்டும். இன்னொன்று, அது எல்லா இடைவெளியையும் நிரப்பிவிடும். சல்லரி இரண்டு தட்டுக்கு நடுவில் ஒன்றும் செய்யாமல் விடும் இடத்தில்தான் கேட்கிறவரின் மனம் முன்னால் போய்க் காத்துக்கொண்டு நிற்கிறது. அந்த இடத்தை டிக்டிக் என்று நிரப்பினால் காத்திருக்கத் தேவை இல்லை, காத்திருக்காதவருக்கு வந்து சேர்வதில் சந்தோஷமும் இல்லை. கொஞ்ச நேரம் ஆடுவார்கள், பிறகு போனை எடுப்பார்கள்.

பிள்ளைகள் கேட்கப் பழக வேண்டும் என்பதில் எனக்கும் அந்த வாசகருக்கும் சண்டை இல்லை. எரின் ஹனன், சான்ட்ரா ட்ரெஹப் இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வுகளில் பால்கன் நாட்டுப்புறப் பாட்டுகளின் ஒற்றைப்படைத் தாளங்களை வைத்துப் பார்த்தார்கள். நம் மிஸ்ர சாபு மாதிரி ஏழு எண்ணிக்கையில் போகிறவையும் அந்தச் சாதிதான். அந்தத் தாளம் உடைந்தால் பால்கன் நாட்டார் கண்டுபிடித்தார்கள், வட அமெரிக்கப் பெரியவர்களுக்குப் பிடிபடவில்லை. ஆனால் வட அமெரிக்காவின் ஆறு மாதக் குழந்தைகள் கண்டுபிடித்தார்கள்! பன்னிரண்டு மாதத்தில் அந்தத் திறமை மங்கிவிடுகிறது. அந்த வயதுப் பிள்ளைகளுக்கு வீட்டில் இரண்டு கிழமை அந்தப் பாட்டுகளைப் போட்டுக் காட்டினால் திரும்ப வந்துவிடுகிறது. பெரியவர்களுக்கு அதே இரண்டு கிழமை போதவில்லை. அப்படியென்றால், மடியில் பிள்ளையை வைத்துக் கூத்துப் பார்க்க வரும் தாய்மாரைப் பார்த்து, "குழந்தைய ஏன் இந்தச் சத்தத்துக்க கொண்டு வந்த?" என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், நியாயம். பிள்ளையைப் பெட்டிக்கு முன்னால் வைக்காதீர்கள், அதுவும் நியாயம். வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்லாதீர்கள்.

கோயில் நிர்வாகசபைகளிடமும் சன சமூக நிலையங்களிடமும் நான் கேட்பது பெரிய செலவில்லை. கூத்தன்று தூரத்து ஹோன்களை நிற்பாட்டிவிட்டு, பொக்ஸ்களைக் களரிக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் வைத்து வெளியே பார்க்கத் திருப்பச் சொல்லுங்கள். பின்னால் பொக்ஸ் கட்டாயம் வேண்டுமென்றால், டிஜிற்றல் மிக்சர் வைத்திருக்கும் ஆளைப் பிடியுங்கள். முன்பெட்டியிலிருந்து 35 மீற்றருக்கு 0.1 செக்கன் என்ற கணக்கில் பின்பெட்டியைப் பிந்த வைக்க அதில் வசதி இருக்கிறது. மத்தளத்தில் எக்கோ கேட்காதீர்கள். சத்தம் போதவில்லை என்று தோன்றினால் அம்ப்பை ஏற்றச் சொல்லாமல் கதிரைகளைக் கிட்டக் கொண்டுவாருங்கள். சல்லரிக்கு மைக் இருக்கிறதா என்று அரங்கேற்றத்துக்கு முன் ஒருவர் பின்வரிசையில் போய் நின்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு மைக்குக்கு மேலதிகமாக வாடகை கேட்கிற ஒலிபெருக்கிக்காரர் இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், நான் கதைக்கிறேன்.

உங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள். கூத்து அரங்கேற்றச் செய்தி போடும்போது அண்ணாவியாரின் பெயர், ஆடியவர்களின் பெயர், பிரதம அதிதியின் பெயர், விசேட அதிதிகளின் பெயர் எல்லாம் வருகிறது. போன மாதச் செய்தி ஒன்றில் 'ஒலி, ஒளி' என்று என் கடையின் பெயரும் வந்திருந்தது, சந்தோஷம். அடுத்த தரம் எங்களுடைய கடைப் பெயரை வெட்டிவிட்டு அந்த இடத்தில் சல்லரிக்காரரின் பெயரைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒலிபெருக்கிக்காரன்,
களுவாஞ்சிக்குடி.